கையெழுத்து இல்லாத கோல்கள்

பழைய பூல் கியூக்களைச் செய்தவர்களில் பலர் தங்கள் பெயரை எங்கும் பொறிக்கவில்லை. மரமும் திருகும் நூலும்தான் அவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அவற்றைப் படிக்க வேண்டும்.

பூல் ஆட்டத்தோடு பெரிய பழக்கம் இல்லாதவர்களுக்கும் ஒரு கியூவின் பெயர் தெரிந்திருக்கிறது என்றால், அது பாலபுஷ்காவாகத்தான் இருக்கும். மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கி 1986-ல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படம் செய்த வேலை அது. ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவராக வரும் பால் நியூமன், துடிப்பான இளைஞன் டாம் குரூஸுக்கு ஒரு பாலபுஷ்காவைக் கொடுப்பார். அந்தக் கியூவைச் சுழற்றிச் சுழற்றி குரூஸ் ஆடும் காட்சியைப் பார்த்துவிட்டு பூல் ஹாலுக்குள் முதன்முதலாக நுழைந்தவர்கள் ஏராளம்.

திரையில் இருந்தது பாலபுஷ்கா அல்ல. டான் ஜேன்ஸும் பில் ஸ்ட்ரவுடும் 1968-ல் பால்டிமோரில் தொடங்கிய ஜாஸ் நிறுவனத்தின் கியூ அது. அசலை ஒரு படப்பிடிப்புத் தளத்தில் புழங்கவிட யாருக்கும் மனம் வராது. ஜார்ஜ் பாலபுஷ்கா 1975-லேயே இறந்துவிட்டார். வாழ்நாளில் அவர் செய்தது ஆயிரத்துச் சொச்சம் கியூக்கள் என்பதே பொதுவான கணக்கு. அவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை. அவர் காலமான பின்பு, பெயருக்கு உரிமம் வாங்கித் தொழிற்சாலைகள் வெளியிட்ட கியூக்களிலோ பெயர் அழகாக, பெரிதாக இருக்கிறது. அதனால், பரணிலிருந்து இறங்கி வரும் ஒரு பழைய கியூவில் ‘பாலபுஷ்கா’ என்ற எழுத்தைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

அப்படியானால் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை விட்டுவிட்டு உடம்பைப் படிக்க வேண்டும். பழைய கியூக்களைச் சேகரிப்பவர்களும் பழுதுபார்ப்பவர்களும் பல பத்தாண்டுகளாக இந்தப் படிப்பை வளர்த்து வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரே ஒரு மோசமான ‘புதுப்பிப்பு’ அந்தச் சாட்சிகளை அரைமணி நேரத்தில் அழித்துவிடுகிறது என்பதுதான் இதில் என்னை வருத்துவது. பெயர் இல்லாத பொருளில் கைவைக்கும்போது, சுரண்டி எறியும் ஒவ்வொரு மெல்லிய படலத்தோடும் செய்தவரின் அடையாளமும் போகிறது.

சுவரில் நின்ற சாதாரணக் கோல்

கதை தொடங்குவது பாலபுஷ்காவிடம் அல்ல. சுவிட்சர்லாந்திலிருந்து வந்து சின்சினாட்டியில் 1845-ல் தொழில் தொடங்கிய ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் என்ற வண்டித் தச்சரிடம். அவருடைய நிறுவனம் போட்டியாளர்களோடு ஒவ்வொன்றாக இணைந்து, 1884-ல் பிரன்ஸ்விக்-பால்க்-காலெண்டர் ஆனது. அமெரிக்கப் பில்லியர்ட்ஸ் உலகத்தின் மேசை, பந்து, கியூ எல்லாவற்றிலும் அதற்குப் பெரும்பங்கு. இதில் காலெண்டர் தரப்பின் முன்னோடியான ஃபீலன்-காலெண்டர் நிறுவனம்தான், யானைத்தந்தப் பந்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1860களில் அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹையட் செல்லுலாய்டை நோக்கி நடந்ததற்கு அந்த அறிவிப்பு ஒரு தூண்டுதல். பிளாஸ்டிக் யுகத்தின் ஒரு வேர் பில்லியர்ட்ஸ் மேசையடியில் இருக்கிறது.

பிரன்ஸ்விக் விற்ற கியூக்களில் ‘டைட்லிஸ்ட்’ என்று ஒன்று. பூல் ஹால்களின் சுவர்த்தாங்கியில் வரிசையாக நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாம் எடுத்து ஆடும் ஒற்றைத் துண்டுக் கோல். அன்றைக்கு அது அரும்பொருள் இல்லை, பட்டியலைப் பார்த்து ஆர்டர் செய்யும் சரக்கு. அதன் உடம்பில் இருந்த மரவேலையோ அசாதாரணமானது.

வெளிறிய மேப்பிள் மரம் முன்னே, கனமான கருஞ்சிவப்பு ரோஸ்வுட் பின்னே. இரண்டையும் வெறுமனே முட்டி ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் நீளமான கூர்களாக அறுத்து, இரு கை விரல்களைக் கோப்பதுபோல ஒன்றுக்குள் ஒன்றைச் செலுத்தி ஒட்டினார்கள். அதன் பிறகுதான் கடைசல் எந்திரத்தில் ஏற்றி உருட்டினார்கள். ‘ஃபுல் ஸ்ப்ளைஸ்’ என்பது இதுதான். கூர்களின் ஓரத்தில் சாயமேற்றிய மெல்லிய வெனீர்த் தகடுகள் வண்ணக் கோடுகளாக ஓடும். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அலங்காரம் பின்னால் வந்த ஆதாயம். முழுக்க மேப்பிளில் செய்தால் கோலின் பின்பக்கம் எடை போதாது. கனமான மரத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்த இடம் லட்சக்கணக்கான அடிகளைத் தாங்க வேண்டும். நீண்ட சரிவான கூர்களில் பசை பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த வடிவம்தான் இன்று பல கியூக்களிலும், வெறும் படமாக அச்சடித்த மலிவுக் கியூவில்கூட, நாம் பார்க்கும் நான்கு கூர்கள்.

இப்படிக் கோத்து ஒட்டுவது சிறு பட்டறைகளுக்கு எளிதில் கைவராத வித்தை. அதனால் தனிக் கைவினைஞர்கள் என்ன செய்தார்கள் என்றால், டைட்லிஸ்ட் கோலையே வாங்கி நடுவில் அறுத்தார்கள். பின்பாதியில் உலோக ஜாயிண்ட் வைத்தார்கள், கைப்பிடிக்குப் பள்ளம் கடைந்து நூல் சுற்றினார்கள், அடியில் புதிய மூடி வைத்தார்கள், முன்பாதிக்குத் தாங்களே புது மேப்பிள் ஷாஃப்ட் கடைந்தார்கள். சுவரில் நின்ற பொதுக்கோல், ஒருவருடைய சொந்தக் கோலாக மாறியது. சேகரிப்பாளர்கள் இதை ‘கன்வர்ஷன்’ என்கிறார்கள்.

பாலபுஷ்கா தொடங்கியதும் இங்கேதான். 1912-ல் ருஷ்யாவில் பிறந்து, 1924-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, மர பொம்மையும் மேசை நாற்காலியும் செய்யும் தொழிலில் வளர்ந்தவர். இயந்திர வாளில் விரலின் ஒரு பகுதியை இழந்தபோது, தனக்கான செயற்கை விரலைத் தானே செய்துகொண்டார். பூல் ஆடுவதில் பிரியம். 1959-ல் சில கியூக்களைச் செய்து கிறிஸ்துமஸ் பரிசாக நண்பர்களுக்குக் கொடுத்தார். கேட்டு வருபவர்கள் பெருகினார்கள். இரண்டே ஆண்டில், 1961-ல், ‘தி ஹஸ்லர்’ படம் வந்து அமெரிக்கா முழுக்க பூல் மோகத்தைக் கிளப்பியது. நல்ல கியூவுக்குத் தேவை திடீரென்று எழுந்த வேளையில் அவர் பட்டறையில் தயாராக இருந்தார்.

அவருடைய தொடக்ககாலக் கியூக்களின் உடம்பு பிரன்ஸ்விக்கின் டைட்லிஸ்ட். 1960களின் பிற்பாதியில் அது மாறுகிறது. சிகாகோவில் பர்ட்டன் ஸ்பெயின் என்பவர், தொழிற்சாலைக்கு வெளியே அந்தக் கோக்கும் வித்தையைத் தானாகவே ஆராய்ந்து கண்டடைந்தார். அவர் செய்த உடம்புகளை பாலபுஷ்கா வாங்கினார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு உடம்பு வந்தது இன்னொரு மாபெரும் கைவினைஞரான கஸ் ஸாம்போட்டியிடமிருந்து. இதன் பொருள் என்னவென்றால், ஒரு பாலபுஷ்காவைக் கையில் எடுத்தால் அதில் இன்னொருவரின் உழைப்பும் இருக்கிறது, அந்த இன்னொருவர் யார் என்பதே கியூவின் வயதைச் சொல்கிறது. கூர்களின் நீளம், வெனீர்களின் வண்ண வரிசை, மரத்தின் சாதி எல்லாம் சேர்ந்து, தேதி எழுதப்படாத பொருளில் தேதியாகின்றன.

ஒற்றை மேதை என்று ஒருவரைத் தூக்கி நிறுத்தும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தத் துறையில் அது உதவாது. பிரன்ஸ்விக் தொழிற்சாலையில் டைட்லிஸ்டைக் கோத்தவர்களின் பெயர்களை ஆட்டக்காரர்கள் யாரும் கேட்டதில்லை. நாம் பாலபுஷ்கா என்று வியக்கும் பல கியூக்களின் முதுகெலும்பு அவர்கள் செய்தது.

எதை, எந்த வரிசையில் பார்ப்பது

பழகியவர் முதலில் பார்ப்பது கூர்களின் முனையை. அறுத்துக் கோத்த பழைய கியூவில் முனை ஊசியாக முடியும். கணினி வழிநடத்தும் எந்திரத்தில் பள்ளம் தோண்டிப் பதித்த கூரில் முனை லேசாக உருண்டிருக்கும், ஏனென்றால் சுழலும் வெட்டுக்கருவி வட்டமானது, அதனால் கூர்மையான மூலைக்குள் போக முடியாது. ஒரு பூதக்கண்ணாடி போதும். ஐம்பது ஆண்டு பழையது என்று சொல்லி விற்கப்படும் கியூவில் உருண்ட முனையைக் கண்டால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

அடுத்தது கூர்களின் உயரம். நான்கும் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கினால் அது கைவேலையின் இயல்பு. அதிகமாக ஏறி இறங்கினால், வளைந்துபோன கோலை யாரோ மையம் தவற எந்திரத்தில் ஏற்றி மறுபடி கடைந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்தால் அந்தப் பக்கக் கூர் குட்டையாகிவிடும்.

பிறகு ஜாயிண்ட். திருகு எந்தப் பாதியில் இருக்கிறது, அதன் விட்டம் என்ன, ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை, சுற்றியுள்ள வளையம் உருக்கா, பித்தளையா, தந்தமா, பிளாஸ்டிக்கா என்று பார்ப்பார்கள். பாலபுஷ்கா வழியில் வந்தவர்கள் 5/16 அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 14 மரை, துருவேறா உருக்கு வளையம் என்று வைத்தார்கள். வேறு பட்டறைகள் வேறு அளவுகளைப் பிடித்துக்கொண்டன. ஹெர்மன் ராம்போ என்ற சிகாகோ முதியவர் இளமையில் பிரன்ஸ்விக்கில் தொழில் கற்று, 1967-ல் இறக்கும்வரை கியூ செய்துகொண்டே இருந்தவர். அவர் கையை ஜாயிண்டிலேயே கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஒருவர் தன் பட்டறையில் வைத்திருக்கும் மரைவெட்டி லேசில் மாறாது. கையெழுத்தைப் பார்த்து எழுதிவிடலாம். பழக்கத்தைப் பார்த்து எழுதுவது கடினம்.

கைப்பிடி நூல் ஒரு தனி உலகம். அக்காலத்தில் மதிப்புள்ளது ஐரிஷ் லினன்: வெள்ளையில் கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் தெறித்தாற்போல இருக்கும் முறுக்கு நூல். நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் நிறுவனம், மீன்பிடிக் கயிற்றுக்குப் பேர்போனது, இந்த நூலுக்கும் பேர்போனது. நைலான் சுற்றியிருந்தால் மலிவுக் கியூ, அல்லது பிற்காலத்து மாற்று. நூலைப் பிரிக்கும்போது அடியில் இருக்கும் மரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெளிச்சம் படாமல் இருந்த அந்த இடத்தில்தான் மரத்தின் அசல் நிறம் மிஞ்சியிருக்கும். சில சமயம் பென்சில் குறிகளும் தெரியும். பாதுகாப்பவருக்கு இது புதையல். அவசரக்காரருக்கு இது பசைக் கறை, துடைத்து எறிந்துவிடுவார்.

தந்தமா என்ற கேள்விக்குச் சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒழிய வேண்டும். அது பொருளைக் காயப்படுத்துகிறது, பெரிதாக எதையும் நிரூபிப்பதும் இல்லை. புற ஊதா விளக்கடியில் தந்தம் நீலங்கலந்த வெண்மையாக ஒளிரும். பல பிளாஸ்டிக்குகள் மங்கிக் கிடக்கும். குறுக்குவெட்டுப் பரப்பு தெரிந்தால், யானைத்தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் அவை இருக்காது. பதிலாகச் சிறு கருந்துளைகள் இருக்கும். அதே விளக்கு, மேற்பூச்சில் பிற்காலத்தில் யாராவது ஒட்டுப்போட்டிருந்தால் அதையும் வேறு நிறமாகக் காட்டிவிடும்.

சில நிறுவனங்கள் வேலையை எளிதாக்கியிருக்கின்றன. நியூஜெர்சியில் இயங்கிய பால்மர் 1960களில் வண்ணப் பட்டியல்களை அச்சிட்டது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வளையங்களையும் பதிப்பு வேலையையும் ஒப்பிட்டால் மாடல் எண் வரைக்கும் போகலாம். ஜப்பானின் ஆடம் கியூக்களுக்கும் ஓரளவு அப்படியே. அந்த நிறுவனத்தை 1970-ல் அங்கே நிலைநிறுத்திய ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்டெட்டர்தான் பின்னாளில் கோல்ஃபுக்குப் போய் ‘பிக் பெர்த்தா’ மட்டையை உருவாக்கியவர்.

உப்புத்தாள் செய்யும் கொடுமை

இனி பழுதுபார்க்கும் வேலை. இங்கே ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் நான் கடுமையாகப் பேச விரும்புகிறேன், அது உப்புத்தாள்.

ஷாஃப்டின் நுனி விட்டம் பொதுவாக 13 மில்லிமீட்டர். சாக்பீஸ் தூளும் கை வியர்வையும் ஏறி, மேப்பிள் நீலம் பாரித்த சாம்பல் நிறமாகிவிடும். எந்திரத்தில் ஏற்றி, சுழலவிட்டு, உப்புத்தாளைப் பிடித்தால் ஒரே நிமிடத்தில் வெள்ளை வெளேரென்று வந்துவிடும். பார்ப்பவருக்குப் புதிதுபோலத் தோன்றும். போனது அழுக்கு மட்டுமல்ல, மரமும்தான். இப்படி நாலைந்து முறை ‘சுத்தம்’ செய்த ஷாஃப்ட் 12 மில்லிமீட்டருக்கு வந்து, நெளியத் தொடங்கும். செய்தவர் மாதக்கணக்கில் காயவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து அமைத்த சரிவு போய்விடும். ஒரு கியூ எப்படி அடிக்கிறது என்பது பெருமளவு அந்தச் சரிவில் இருக்கிறது. அசல் ஷாஃப்ட் இல்லாத பழைய கியூவுக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பது வெறும் வறட்டுப் பிடிவாதம் அல்ல. கியூவின் குரலே அங்கேதான் இருந்தது.

அழுக்குக்கு, லேசாக ஈரம் காட்டிய துணியும் பொறுமையும் போதும். முழுக்க வெளுக்காது. வெளுக்கத் தேவையும் இல்லை. பள்ளம் விழுந்திருந்தால் மரம் அங்கே இல்லாமல் போகவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது. பள்ளத்தின் மேல் ஈரத்துணியை வைத்து, சூடேற்றிய உலோகத்தால் மெல்ல ஒற்றினால் ஆவி இழைகளுக்குள் இறங்கி அவற்றை ஊதவைக்கும். பள்ளம் தானே மேலெழும். இழை அறுந்திருந்தால் எழாது. அப்போது அதை அப்படியே விட்டுவிடலாம். ஐம்பது ஆண்டு ஆடிய கோலில் ஒரு வடு இருப்பதில் என்ன குறை?

வளைவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரு பாதிகளையும் சேர்த்து மேசையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தனித்தனியாகவும் உருட்ட வேண்டும். இரண்டும் நேராக இருந்து சேர்த்தால் மட்டும் கோணினால் குறை ஜாயிண்டின் முகத்தில், அது சரிசெய்யக்கூடியது. மரமே வளைந்திருந்தால் நீராவி காட்டியும் கட்டித் தொங்கவிட்டும் நேராக்குகிறேன் என்பவர்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சில வாரம் நேராக இருக்கும், பிறகு பழைய வளைவுக்கே திரும்பும். லேசான வளைவுள்ள பழைய ஷாஃப்டை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, ஆடுவதற்கென்று அதே அளவில் புது ஷாஃப்ட் ஒன்று செய்துகொள்வதே நல்ல வழி.

தட்டிப் பார்த்தால் உள்ளே கிரீச்சென்றோ கடகடவென்றோ ஒலித்தால், எங்கோ பசை விட்டிருக்கிறது, அல்லது அடியிலுள்ள எடைத் திருகு தளர்ந்திருக்கிறது. முதலில் திருகைப் பாருங்கள், பாதி நோய் அங்கேயே தீரும். மிகப் பழைய கியூக்களில் இருப்பது நம் ஆசாரிமார் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசை. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும். கார் டிக்கியில் வெயிலில் கிடந்த கியூக்கள் கூர் பிளந்து வருவது இதனால்தான். அதே குணம் பழுதுபார்ப்பவருக்குத் துணை: இளகவைத்து, சுத்தப்படுத்தி, மறுபடி அதே பசையால் ஒட்ட முடியும். நவீன எபாக்ஸியை ஊற்றிவிட்டால் அடுத்த தலைமுறைப் பழுதுபார்ப்பவருக்குக் கதவு மூடிவிடும்.

மேற்பூச்சுதான் பெரிய சண்டைக்களம். பழைய பூச்சு ஷெல்லாக்காக இருக்கலாம், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருக்கலாம், பிற்காலத்து யூரித்தேனாகவும் இருக்கலாம். கோலின் அடியிலுள்ள ரப்பர் பம்பருக்குக் கீழே மறைவான இடத்தில் ஒரு துளி ஆல்கஹால் வைத்துப் பார்த்தால் ஷெல்லாக் பிசுபிசுக்கும். லாக்கர், தின்னருக்கு மட்டும் இளகும். யூரித்தேன் இரண்டுக்கும் அசையாது. ஷெல்லாக் என்றால் நம் அரக்குதான், லாக் பூச்சி சுரப்பது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து உலகத்துக்கே போகிறது. அதன் பெரிய நற்குணம், புதிதாகப் பூசுவது பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். தேய்ந்த இடத்தில் மட்டும் பஞ்சுப்பொதியால் ஏற்றிவிடலாம், சுரண்ட வேண்டியதில்லை.

ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்பது கண்ணாடிபோல் மின்னும் பளபளப்பை. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி, வெனீர் வண்ணங்கள் ‘எடுப்பாகத்’ தெரியும்படி மரத்தையும் கொஞ்சம் இறக்கி, கார்களுக்கு அடிக்கும் தெளிவுப்பூச்சை அடித்துக் கொடுக்கிறார்கள். கியூ வாங்குவது ஆடுவதற்குத்தானே, அருங்காட்சியகத்தில் வைப்பதற்கா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செய்தவர் யார், எந்த ஆண்டு என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த, ஆயிரக்கணக்கில் இருக்கும் தொழிற்சாலைக் கியூ என்றால் தாராளமாகப் புதுப்பித்து ஆடுங்கள். பெயர் தெரியாத கியூவில் அப்படிச் செய்யாதீர்கள். பூச்சோடு சேர்ந்து மங்கிய முத்திரையும் ஒட்டுப்பட எழுத்தும் போய்விடும். மரம் ஒரு நூலளவு இறங்கினாலும் கூர்களின் அகலம் மாறும், உலோக வளையத்துக்கும் மரத்துக்கும் இடையே விரலுக்குத் தட்டும் ஒரு படி விழும். அதன் பிறகு எந்த நிபுணராலும் இது யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபடாமல் முழுதாக மிஞ்சியிருக்கும் டைட்லிஸ்ட் கோல்களை இன்றும் தேடிப்பிடித்து அறுக்கிறார்கள், புதிய கன்வர்ஷன் செய்ய. பாலபுஷ்கா அறுத்தாரே என்பார்கள். அவர் அறுத்த நாளில் அது சுவர்தோறும் நின்ற சரக்கு. இன்று, அந்தக் கோலின் அசல் நீளம் என்ன, சமநிலை எங்கே விழுந்தது, எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அறுபடாத கோல்கள் மட்டுமே சாட்சி. மோசமாக வளைந்ததையோ நுனி முறிந்ததையோ எடுத்து அறுத்து வாழவையுங்கள். நேராக நிற்பதை விட்டுவிடுங்கள்.

தந்தமும் ஈட்டியும் சட்டமும்

மரமும் தந்தமும் இன்று சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆப்பிரிக்க யானைத்தந்தத்தின் சர்வதேச வணிகத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சைட்ஸ் உடன்படிக்கை 1989-ல் தடுத்தது. அமெரிக்காவுக்குள் நடக்கும் விற்பனையையும் 2016 ஜூலை முதல் மத்திய அரசு கிட்டத்தட்ட முழுக்க அடைத்தது. நூறாண்டு கடந்த பொருள், மிகக் குறைந்த எடைத் தந்தம் கொண்ட பழைய பொருள் போன்ற குறுகிய விலக்குகள் மட்டும் உண்டு. சில மாநிலங்களில் இன்னும் கடுமை. இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வணிகத்துக்கு இடமே தருவதில்லை. அமெரிக்காவில் ஏலத்தில் எடுத்த பழைய கியூவை ஊருக்கு வரவழைக்க நினைக்கும் நம்மவர்கள், ஃபெரூலும் (ஷாஃப்டின் நுனியிலுள்ள குப்பி) ஜாயிண்டும் எதில் ஆனவை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விரிசல் விட்ட தந்த ஃபெரூலுக்குப் பதிலாக இன்றைய செயற்கைப் பொருளை வைப்பதில் எந்த இழிவும் இல்லை. யானைகள் உயிரோடு இருப்பதைவிடப் பெரிதல்ல ஒரு கியூவின் ‘அசல் தன்மை’.

பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்ஸின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதில் செய்த பழைய கியூ பிளந்தால் ஒட்டுப்போட பலர் நாடுவது அதன் தென்னிந்திய உறவான ஈட்டியை. தோதகத்தி என்று நம் தச்சர்கள் அழைக்கும் அதே மரம். அதற்கும் இப்போது ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. நிறத்தில் ஏமாற்றும் அளவுக்கு நெருங்கினாலும் ஈட்டியில் ஊதாச் சாயல் தூக்கலாக இருக்கும்.

நம் பக்கத்துப் பழைய கிளப்புகளிலும் வீடுகளிலும் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் வேறு வம்சம்: பிரிட்டிஷ் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கியூக்கள். 1875-ல் ஜபல்பூரில் முளைத்த ஸ்னூக்கருக்கு விதிகள் ஒழுங்குபட்டது 1880களில், உதகை கிளப்பில். இவை ஆஷ் மரத்தில், கருங்காலி அடியோடு, ஒற்றைத் துண்டாக இருக்கும். அடியில் சீவிய தட்டைப் பரப்பில் ஒரு பெயர்ப்பட்டை பதித்திருக்கும். தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ், அல்லது ஒரு சாம்பியனின் பெயர். இங்கே சிக்கல் தலைகீழ். பெயர் இருக்கிறது, ஆனால் அது விற்றவருடையதாக இருக்கலாம். லிவர்பூலின் பெரடான் போன்ற பட்டறைகள் பிறருடைய பெயர்ப்பட்டைக்காகவும் கியூ செய்துகொடுத்தன. ஆக, இங்கும் கருங்காலிக் கூர்களின் வெட்டையும் ஒட்டையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் இருந்தாலே பாதி உதவி.

நல்ல பழுதுபார்ப்பவரை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால், அவர் திருப்பிக் கொடுப்பதைப் பாருங்கள் என்பேன். கியூவோடு ஓர் உறையும் வர வேண்டும். அதில் கழற்றிய பழைய நூல், விரிசல் விட்ட ஃபெரூல், மாற்றிய திருகு, பம்பர் எல்லாம் இருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும், நூல் பிரித்த நிலையிலும் எடுத்த படங்கள் இருக்க வேண்டும். ஷாஃப்டின் விட்டம் வந்தபோது எவ்வளவு, போகும்போது எவ்வளவு, எந்தப் பசை, எந்தப் பூச்சு, எங்கே ஒட்டு என்று தேதியோடு எழுதிய காகிதம் இருக்க வேண்டும். பிற்பாடு கியூ கைமாறும்போது, அந்த உறையும் அதோடு போக வேண்டும்.